விரல் நுனி

பிப்ரவரி மாதக் காலை. ஸ்பிட்டி பள்ளத்தாக்கின் கிப்பர் கிராமம், சுமார் 4,200 மீட்டர் உயரம், மைனஸ் 20 டிகிரி. எதிர்ப் பாறையில் பனிச்சிறுத்தை எழுந்து சோம்பல் முறிக்கிறது. என் விரல் ஷட்டர் பட்டன் மேல் இருக்கிறதா இல்லையா, எனக்கே தெரியவில்லை.

சென்னையில் வாங்கிய தடித்த பைக் கையுறை. சூடு என்னவோ இருந்தது, பட்டன்தான் அகப்படவில்லை. கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் ட்ரைபாடைப் பிடித்தேன். அலுமினியம், சுட்ட மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் விரல் நுனி வெளுத்து மரத்துப்போச்சு. கூட வந்த உள்ளூர்க்காரர் சிறுத்தையைப் பார்க்கவே இல்லை. என் கைகளை இழுத்துத் தன் கோட்டுக்குள், அக்குளில் வைத்துக்கொண்டார். "தேய்க்காதீங்க சார்" என்று இந்தியில் ஓர் அதட்டல். உணர்வு திரும்பினப்போ வலியில் அழுதுட்டேன்.

மறுநாள் அவருடைய பழைய ஜோடியைக் கொடுத்தார். உள்ளே மெல்லிய கம்பளி உறை. மேலே நான்கு விரலும் ஒன்றாகக் கிடக்கும் பை. ஒட்டிக் கிடப்பதால் விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும். நுனியில் மூடி, படமெடுக்கும்போது மட்டும் திறந்தால் போதும். கொஞ்சம் தொளதொளவென்றே இருந்தது. இறுக்கினால் ரத்தம் ஓடாதாம். ட்ரைபாட் காலுக்கும் ஃபோம் சுற்றிவிட்டார்.

அடுத்த ஐந்து நாளும் சிறுத்தை வரவில்லை.

இப்பவும் ஃப்ரிட்ஜைத் திறந்தால் வலது ஆள்காட்டி விரல் குத்துது. அம்மாகிட்ட சொல்லல.