டெக் ரெடியா?

கூட படிச்சவன் ஒருத்தன் மும்பை ஹை எண்ணெய் மேடையில வேலை பார்க்கிறான். ஹெலிகாப்டர் லேண்டிங் ஆபீசர் பயிற்சி முடிச்சிட்டு லீவுல வந்திருந்தான். "கொடி காட்டுற வேலையா?"ன்னு கிண்டலடிச்சேன் :-)

"டேய், தளத்தைச் சுத்தி 210 டிகிரிக்கு இடைஞ்சல் இருக்கக்கூடாது. கிரேன் நிக்கணும். தீயணைக்க ஆள் தயாரா நிக்கணும். வால் விசிறி சுத்துறது கண்ணுக்கே தெரியாது, அந்தப்பக்கம் ஒருத்தரையும் விடக்கூடாது" என்றான்.

"எது கஷ்டம்?"

"14 நாள் முடிச்சு வீட்டுக்குப் போக எல்லாரும் பையோட நிப்பாங்க. அப்ப ரேடியோவுல 'டெக் ரெடி இல்ல'ன்னு சொல்றதுதான்."

பேச்சே வரல எனக்கு. போன வெள்ளிக்கிழமை டெஸ்டிங் முடியாமலே, மேனேஜர் முகத்தைப் பார்த்து "ரெடி சார்"னு ரிலீஸுக்குத் தலையாட்டியவன் நான். மறுநாள் பழைய வெர்ஷனைத் திரும்பப் போட்டுச் சமாளிச்சோம். அவனுக்கு அந்த வசதி கிடையாது.