வண்டியூர்க் குளத்து வெயில்

மதுரை வெயில் எங்களுக்கு ஒரு கால அட்டவணை போட்டுக் கொடுத்திருந்தது. காலையில் பத்து மணிக்குள் ஆடி முடித்துவிட வேண்டும். அதற்குமேல் தெருவில் தலை தெரிந்தால் அம்மா குச்சியோடு வந்துவிடுவாள். பிறகு நாலு மணி வரை திண்ணையில் பல்லாங்குழியும் தாயமும். நாலு அடித்ததோ இல்லையோ, அனுப்பானடிப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குள் இறங்கியிருப்போம்.

குளத்துக்குள் என்றால் உண்மையிலேயே குளத்துக்குள்தான். திருமலை நாயக்கர் 1645இல் வெட்டிய குளம். மகால் கட்ட மண் எடுத்த பள்ளம் அது, அங்கே தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சி கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்று பாட்டி சொல்வாள். பக்கத்துக்கு ஏறத்தாழ 1,000 அடி நீளம், நாலு பக்கமும் கல் படிகள், நடுவே மைய மண்டபம். நாங்கள் வளர்ந்த காலத்தில் வருஷத்தின் பெரும்பகுதி அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. ஆடும் மாடும் ஒரு பக்கம் மேயும். மீதி இடமெல்லாம் கிரிக்கெட்.

ஒரே நேரத்தில் எத்தனை ஆட்டங்கள் நடக்கும் என்று எண்ணவே முடியாது. எங்கள் ஆள் பந்தைத் தடுக்க நிற்கும் இடத்தில் அடுத்த ஆட்டத்தின் பந்துவீச்சாளன் ஓடிவருவான். அத்தனை கூட்டத்திலும் அவரவர் பந்து அவரவருக்குத் தெரியும். "அண்ணே, பந்து!" என்று கத்தினால், முன்பின் பார்த்திராத ஒருவர் தன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எடுத்து எறிவார். சின்னப் பையன்களை உப்புக்குச் சப்பாணியாக இரண்டு அணியிலும் சேர்த்துக்கொள்வோம். மாலையில் மண்டபத்தின் நிழல் கிழக்கே நீளும். செங்கல் ஸ்டம்புகளைத் தூக்கிக்கொண்டு நாங்களும் நிழலோடு நகர்வோம். வெறுங்காலில் நெருஞ்சி முள் ஏறும். ஒற்றைக் காலில் நின்றபடி பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி ஓடுவோம்.

அக்கா எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் பந்து வீசுவாள். பெரிய பையன்களே அவள் பந்துக்குத் தடுமாறுவார்கள். எட்டாம் வகுப்போடு அவளை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு அவள் மாலைகளில் கோலப்பொடி அரைத்துக்கொண்டிருந்தாள். அது அநியாயம் என்று அப்போதே தோன்றியது, இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

கோடை விடுமுறையில் மாமா யானைமலைக்குக் கூட்டிப்போவார். விடியுமுன்பே ஒத்தக்கடைக்கு முதல் பஸ். "வெயில் ஏறுறதுக்குள்ள இறங்கிரணும்டா, பாறை சுட்டா கால் வைக்க முடியாது" என்று விரட்டிக்கொண்டே ஏறுவார். ஊரே படுத்திருக்கும் யானை என்று சொல்லும் ஒற்றைப் பாறை அது. மேலே சமணத் துறவிகளின் கற்படுக்கைகள். அருகே இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழிப் பொறிப்பு. நாங்கள் அதைப் படிக்கத் தெரியாமல் விரலால் தடவிப் பார்ப்போம். படுக்கையில் முதுகு சாய்த்தால் கல் சில்லென்றிருக்கும். தூரத்தில் மீனாட்சி கோபுரங்கள் தெரியும். இறங்கி வந்ததும் நுங்கு. தின்று முடித்த வெற்றுக் கூடுகள் இரண்டைக் குச்சியில் கோத்து, கவட்டையால் தள்ளி, பஸ் வரும்வரை வண்டி ஓட்டுவோம்.

தை பிறந்தால் ஆட்டம் நின்றுவிடும். பூசத்தன்று தெப்பத் திருவிழா. திருமலை நாயக்கர் பிறந்த நட்சத்திரம் அது. அதற்காகத் தண்ணீர் விடுவார்கள். முதல்நாள் ஓரத்தில் ஒரு கோடாகத் தெரியும் தண்ணீர், அடுத்தடுத்த நாளில் பள்ளமெல்லாம் நிரம்பி, எங்கள் ஆடுகளத்தை மூடிவிடும். மீனாட்சியும் சொக்கரும் தெப்பமேறி மண்டபத்தைச் சுற்றிவர, கரையில் நின்று வடம் இழுக்கும் கூட்டத்தில் புகுந்து நானும் கை வைத்திருக்கிறேன். தேங்காய் நார் உள்ளங்கையில் அறுக்கும். தண்ணீர் போதாத ஆண்டுகளில் தெப்பம் நகராமல் நிலையாகவே நிற்கும்; பாட்டி அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிட மாட்டாள். விழா முடிந்து தண்ணீர் வற்றிச் சேறாகும்போது, முழங்கால் வரை புதையப் புதையக் கெளுத்தி பிடிப்போம். அதன் முள் குத்தினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும்.

அண்மை ஆண்டுகளில் பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்து குளம் நிறைந்து நிற்கிறது. படகு விடுகிறார்கள். கரையெல்லாம் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். சுற்றியுள்ள தெருக்களின் கிணறுகளுக்கு அந்த நீர்தான் உயிர். அது வற்றவே கூடாது. ஆனால் அங்கே ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் இப்போது ஐராவதநல்லூர்ச் சந்துகளில், பைக்குகளுக்கு இடையே மட்டை பிடிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பொட்டல் வேண்டும். பெண்பிள்ளைகளும் பந்து வீச வரும்படியான ஒரு பொட்டல்.