நீட்டிக்கலாம்: ஒரு விதியின் வினைமுதலைத் தேடி

ஆங்கிலத்தில் அமைந்த விதிமுறைகளைத் தமிழில் பெயர்ப்போர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளுள் முதன்மையானவை, கடமை, இசைவு, இயலுமை ஆகியவற்றை உணர்த்தும் துணைவினைகள் செயப்பாட்டுவினையோடு இணைந்து வரும் தொடர்கள் எனலாம். ‘ஷல் பி’, ‘மே பி’, ‘மஸ்ட் பி’, ‘ஷுட் பி’ என வரும் இத்தொடர்கள் இல்லாத அரசாணையோ பல்கலைக்கழக அறிவிக்கையோ காண்பது அரிது. இவைபற்றி இலக்கண நோக்கில் ஒரு கட்டுரை எழுதவே முதலில் எண்ணினேன். எழுத முற்பட்டபோது, நான் செய்த ஒரு பிழையைச் சொல்லாமல் அதை எழுத இயலாது என்பது புலனாயிற்று. ஆகவே இது ஆய்வுக் கட்டுரையின் வடிவில் அமையவில்லை; ஆய்விதழ் வாசகர்கள் பொறுத்தருள்வார்களாக.

நான் உதவிப் பேராசிரியராகப் பணியாற்றும் பல்கலைக்கழகம் தமிழகத்திற்கு வெளியே உள்ளது. இங்குத் தமிழ் பயில வரும் மாணவர்களுள் பலர் தமிழ்வழியில் படித்தவர்கள். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர்கள். பல்கலைக்கழக விதிகளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே கிடைக்கும். எனவே விடுதி தொடர்பான விதிகளைத் தமிழாக்கித் துறையின் அறிவிப்புப் பலகையில் இடுமாறு துறைத்தலைவர் என்னைப் பணித்தார். இரண்டு பக்கங்கள், ஒரே மாலையில் முடித்துவிட்டேன். அவ்விரைவு குறித்துச் சற்றுப் பெருமையும் கொண்டிருந்தேன்.

அப்போது என்னிடம் ஒரு கொள்கை இருந்தது. ‘படு’ ஏறிய தொடர்கள் ஆங்கிலத்தின் நிழல். நல்ல தமிழ் செய்வினையிலேயே நடக்கும் என்பது அது. வகுப்பிலும் அவ்வாறே கற்பித்துவந்தேன். ‘என்னால் எழுதப்பட்ட கடிதம்’ என எழுதிய மாணவரின் தாளில் ‘நான் எழுதிய கடிதம்’ என்று சிவப்பு மையால் திருத்துவேன். இக்கொள்கை முற்றிலும் தவறு என்று இன்றும் கருதவில்லை. ஆயினும் ‘எனப்படுவது’ என்னும் வடிவைத் திருக்குறளிலேயே காண்கிறோம். செயப்படுபொருளையே செய்தது போலக் கூறும் வழக்கைத் தொல்காப்பியர் வினையியலில் ஏற்றுக்கொள்கிறார். ‘திண்ணை மெழுகிற்று’ என உரையாசிரியர்கள் அதற்குக் காட்டும் சான்றில், மெழுகியவர் யார் என்று கேட்பாரில்லை. வினைமுதலை மறைத்துப் பேசத் தமிழுக்கும் தெரியும். இதைப் பாடமாக நடத்திய நானே விதிகளைப் பெயர்க்கும்போது மறந்துபோனேன்.

ஆங்கில மூலத்தில் இரண்டு விதிகள் அடுத்தடுத்து நின்றன. விண்ணப்பப் படிவங்கள் அலுவலகத்திலிருந்து ‘மே பி அப்டெயின்ட்’ என்பது முதல் விதி. விடுதியில் தங்கும் காலம் ஓராண்டுக்கு ‘மே பி எக்ஸ்டெண்டட்’ என்பது அடுத்தது. இரண்டும் ஒரே துணைவினை, ஒரே செயப்பாட்டு அமைப்பு. முன்னதை ‘படிவங்களை அலுவலகத்தில் பெறலாம்’ என்று பெயர்த்தேன். அது சரியே. அதே சூட்டில் பின்னதை ‘தங்கும் காலத்தை ஓராண்டு நீட்டிக்கலாம்’ என்றேன். ‘படு’ எங்கும் இல்லை. தொடர் தெளிந்த நீராக ஓடியது.

பிழை இங்கேதான் உள்ளது. ஆங்கிலத்தில் வினைமுதலைச் சொல்லாமல் விட்டாலும், படிவம் பெறுபவர் மாணவர், காலத்தை நீட்டிப்பவர் நிர்வாகம் என்பதை விதிமொழியில் பழகியவர் சூழலால் உய்த்துணர்வார். தமிழில் பெரும்பாலான வினைமுற்றுகள் வினைமுதலைத் தம் விகுதியிலேயே சுமப்பவை. ‘வந்தேன்’, ‘வந்தாய்’, ‘வந்தார்’ என்னும்போது எழுவாய் தோன்றாவிடினும் கேடில்லை. ஆனால் ‘லாம்’, ‘வேண்டும்’ என்னும் ஈறுகளுக்கு இந்த வசதி இல்லை. ‘செய்யல்’ என்னும் தொழிற்பெயரோடு ‘ஆம்’ சேர்ந்து ‘செய்யலாம்’ ஆயிற்று. நான் செய்யலாம், நீ செய்யலாம், அவர்கள் செய்யலாம்; திணை, பால், எண், இடம் எதையும் அது காட்டுவதில்லை. எழுவாயும் இல்லாமல் விகுதியும் இல்லாமல் ‘நீட்டிக்கலாம்’ என்று மட்டும் நிற்கும்போது, அந்த வெற்றிடத்தில் வாசிப்பவர் தம்மையே நிறுத்திக்கொள்கிறார். அது வாசிப்பவரின் குற்றமன்று; முந்திய வரியில் ‘பெறலாம்’ என்று அவரைத்தானே சொன்னேன்!

எங்கள் துறையின் முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர் அவ்வாறே வாசித்தார். விடுதிக் காலம் முடிந்தபின்னும் தம் அறையிலேயே தொடர்ந்தார். நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. மூன்று மாதங்கள் கழித்து, ஒரு வாரத்திற்குள் அறையைக் காலிசெய்யுமாறும் அம்மூன்று மாதத்திற்கும் தண்டத்தொகை செலுத்துமாறும் கடிதம் வந்தது. ஆய்வேட்டின் கடைசி இயலை எழுதிக்கொண்டிருந்த நேரம். கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு அவர் சொன்னார்: “ஐயா, நீட்டிக்கலாம்னுதானே போட்டிருந்துச்சு? அதான் நீட்டிச்சுக்கிட்டேன்.”

அவர் குரலில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. அதுவே என்னை வருத்தியது.

அன்றே பலகையிலிருந்த தாளைக் கழற்றினேன். திருத்தம் எளிதென்றே நினைத்தேன். வினைமுதலைச் சேர்த்து, ‘தங்கும் காலத்தை இன்னார் ஓராண்டு நீட்டிக்கலாம்’ என்று எழுதிவிட்டால் போதும். அந்த ‘இன்னார்’ யார் என்று அறிய விடுதி அலுவலகத்திற்குச் சென்றேன். காப்பாளர் முடிவு செய்வார் என்றனர். காப்பாளர், அது மாணவர் நலப் பிரிவின் பொறுப்பு என்றார். அப்பிரிவிலோ, துறை பரிந்துரைத்தால் காப்பாளரே நீட்டிப்பார் என்று விடை கிடைத்தது. ஆங்கில விதி இத்தனை ஆண்டுகள் குறையின்றி நடமாடியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. யார் நீட்டிப்பது என்பதை எவரும் முடிவு செய்திருக்கவில்லை. முடிவு செய்யாமலே ஒரு முழு வாக்கியத்தை இலக்கணப் பிழையின்றி எழுதிவிட அம்மொழியமைப்பு இடங்கொடுத்திருந்தது.

இது ஒரு விடுதி அலுவலகத்தின் குறை மட்டுமன்று. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 320-ஆம் உறுப்பு, அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையம் ‘ஷல் பி கன்சல்ட்டட்’ என்கிறது. கலந்தாலோசிக்காவிடில் நேர்வது என்ன என்பது அத்தொடரில் இல்லை. உத்தரப் பிரதேச அரசு எதிர் மன்போதன் லால் ஸ்ரீவாஸ்தவா வழக்கில், 1957-இல், உச்ச நீதிமன்றம் இவ்விதி கட்டாயத்தன்மை உடையதன்று என்றும், ஆணையத்தைக் கலந்தாலோசிக்காமை மட்டுமே நடவடிக்கையைச் செல்லாததாக்கிவிடாது என்றும் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் நியமனம் பற்றிய 124-ஆம் உறுப்பின் மூல வடிவிலும், இடையில் ‘எப்போதும்’ என்னும் சொல் கூடி, இதே தொடர் இந்தியத் தலைமை நீதிபதியைக் குறித்து வருகிறது. 1981-இல் அதற்குக் கருத்துக் கேட்டல் என்ற அளவிலேயே பொருள் கொண்ட நீதிமன்றம், 1993-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் வழியாகத் தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதன்மை தந்தது. சிக்கல் முந்திய வழக்கில் துணைவினையைச் சார்ந்தது. பிந்தியவற்றில் ‘கன்சல்ட்’ என்னும் வினையைச் சார்ந்தது. எனினும் தமிழாக்குபவர் இவ்விரு இடங்களிலும் எழுதக்கூடியது ‘கலந்தாலோசிக்கப்படுதல் வேண்டும்’ என்பதொன்றே. அந்த ‘வேண்டும்’ எவ்வளவு வேண்டும் என்பதை மொழிபெயர்ப்பாளர் தாமே முடிவு செய்துவிட இயலாது.

எதிர்மறையில் ஒரு வேடிக்கையும் உண்டு. ‘அறை ஒதுக்க மாட்டோம்’ என்றால் மறுப்பவர் யாரென்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் இதைச் செயப்பாட்டில் மாற்றினால் மறுப்பவரோடு மறுப்பின் மனமும் மறைந்து, ஒரு நிகழ்வுச் செய்தி மட்டும் எஞ்சுகிறது. நாமோ ‘அறைகள் ஒதுக்கப்பட மாட்டா’ என்று பெயர்த்து, அறைகளே பிடிவாதம் பிடிப்பது போல ஆக்கிவிடுகிறோம்.

ஆய்வாளர் பொருட்டு நான் எழுதிய விளக்கத்திற்கு ஒரு மாதம் கழித்து மறுமொழி வந்தது. தண்டத்தொகை நீக்கப்படுகிறது, அறையைத் தொடர இயலாது. இறுதி வரியில், நீட்டிப்பு முறை மாணவருக்கு ‘ஷுட் ஹேவ் பீன் எக்ஸ்ப்ளெயின்ட்’ என்றிருந்தது. அவர் அதன் பொருளைக் கேட்டார். ‘விளக்கப்பட்டிருக்க வேண்டும்’ என்றேன், பழக்கத்தில். அவர் முகம் சுருங்கியது. “எனக்கு முன்னாடியே விளக்கியிருப்பாங்கன்னு சொல்றாங்களா, ஐயா? எனக்கு யாரும் சொல்லலையே.”

ஆங்கிலத்தில் ‘மஸ்ட் ஹேவ் பீன்’ என்றால் நடந்திருக்கும் என்னும் ஊகம். ‘ஷுட் ஹேவ் பீன்’ என்றால், இத்தகைய இடத்தில், நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லை என்னும் குறை. தமிழில் இரண்டிற்கும் ‘இருக்க வேண்டும்’ என்பதே வடிவம். இவ்வேறுபாட்டை அவருக்கு விளக்கத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திக்கொண்டு, “உங்களுக்கு ஒழுங்கா விளக்கியிருக்க வேண்டியது நான்தான் அம்மா. நான் விளக்கலை. அதைத்தான் எழுதியிருக்காங்க” என்றேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, “சரிங்க ஐயா” என்றார்.

சக ஆசிரியை ஒருவர் வீட்டு மாடியறையில் தங்கி அவர் ஆய்வேட்டை முடித்து அளித்தார். ஐந்து மாதங்கள் பிந்தியது. அவ்வைந்து மாதங்களுக்குள் விண்ணப்பிக்க எண்ணியிருந்த ஒரு கல்லூரிப் பணியிடம் நிரம்பிவிட்டது. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை; பிறர் சொல்லித்தான் அறிந்தேன்.

பலகையில் இப்போது புதிய தாள் உள்ளது. படிவங்களை ‘மாணவர் பெறலாம்’, கட்டணத்தை ‘மாணவர் செலுத்த வேண்டும்’, அறையைக் ‘காப்பாளர் ஒதுக்குவார்’ என ஒவ்வொரு வினைக்கும் வினைமுதலைத் தேடி எழுதியுள்ளேன். நீட்டிப்பு விதியில் மட்டும் அது இயலவில்லை. ‘மாணவர் விண்ணப்பித்தால் தங்கும் காலம் ஓராண்டு நீட்டிக்கப்படலாம்’ என்று ‘படு’ சேர்த்தே எழுதி, அதன்கீழ் ‘நீட்டிப்பவர் யார் என அலுவலகத்தில் எழுத்து வழியாகக் கேட்டுப் பெறுக’ என்று ஒரு வரி சேர்த்துள்ளேன். துறைத்தலைவர் அவ்வரியை இருமுறை படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கையொப்பமிட்டார்.