இரணைமடுக் குளக்கட்டில் ஒரு மாலை

கண்டி வீதியில், கிளிநொச்சிக்குத் தெற்கே இரணைமடுச் சந்தியில் இறங்கிக் கிழக்கே நடந்தோம். அணைக்கட்டின் மேல் ஏறியதும் கடலோ என மயங்கச் செய்யும் நீர்ப்பரப்பு! கனகராயன் ஆற்றை மறித்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த குளம் இது. துருசு வழியே இறங்கும் நீர் வாய்க்கால்களில் வயல்களைத் தேடி ஓடுகின்றது.

இத்தகைய குளங்களின் அருமையை 1942ஆம் ஆண்டு உணர்த்திற்று. அந்நாளில் இலங்கையர் உண்ட அரிசியிற் பெரும்பகுதி கடல் கடந்தே வந்தது. அதிலும் பர்மாவையே பெரிதும் நம்பியிருந்தனர். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் இரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று, அவ்வாசல் அடைபட்டது. கூப்பன் அரிசியே கதியாயிற்று. 1952இல் மீண்டும் அரிசி முடை நேர்ந்தபோது, இறப்பரைக் கொடுத்து அரிசி பெறச் சீனாவுடன் ஒப்பந்தம் செய்து புதியதொரு வாசலைத் திறந்தனர்.

ஆயினும், மழை பொய்த்தால் குளமும் கைவிடுமன்றோ? அங்கு நின்ற முதியவரைக் கேட்டேன்.

"குளத்துத் தண்ணியைப் பாத்துத்தான் தம்பி சிறுபோகம் விதைக்கிறது. எல்லாக் காணிக்கும் காணாது," என்றார் அவர்.

கையிருப்பை அளந்தறிதல், ஒரே வாசலை நம்பாதிருத்தல்: பிறநாட்டுச் சரக்கை எதிர்பார்க்கும் வணிகர்க்கும் வேண்டிய அறிவு இதுவே. கட்டைவிட்டு இறங்கியபோது வயல்களில் இருள் கவிந்திருந்தது. வாய்க்கால் நீரின் ஓசை மட்டும் உடன் வந்தது.