நடுவரிசை மேடுகள்

கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில், ஏறத்தாழ 40 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது வால்மாண்ட் பைக் பார்க். நகராட்சிக்குச் சொந்தமானது, 2011-ல் திறந்தார்கள், நுழைவுக் கட்டணம் கிடையாது. பெடல் இல்லாத குட்டி வண்டியைக் காலால் உந்திப் போகும் குழந்தையும், மண்மேட்டில் ஏறி அந்தரத்தில் வண்டியைச் சுழற்றும் இளைஞனும் ஒரே வேலிக்குள் இருக்கிறார்கள். பறப்பவர்களைப் பார்க்க நிறையப் பேர் வருகிறார்கள். எனக்கு அந்த மண்ணைக் குவித்தவர்களோடு பேச வேண்டியிருந்தது.

வெயில் ஏறுமுன் வேலை தொடங்கிவிடுகிறது. மலையடிவாரத்து வறண்ட காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். ஈரம் போனால் மண் பிடிக்காது. ஒருவர் ரப்பர் குழாயால் மேட்டை நனைத்துக்கொண்டே போக, பின்னால் வந்த பெண் மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டி முகத்தை வழவழப்பாக்கினார். களிமண் கூடினால் காய்ந்ததும் வெடிக்கும். மணல் கூடினால் விளிம்பு உதிரும். ஒரு பிடி மண்ணை அள்ளி இறுக்கிக் காட்டினார். உருண்டை நின்றது, விரலில் ஒட்டவில்லை. அந்தப் பதத்தில்தான் கல் சலித்த மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடிக்கிறார்கள்.

வண்டி தாவும் இப்படிப்பட்ட மேட்டுக்கு ஜம்ப் என்று பெயர். ஜம்ப் ஒன்றுக்கு மூன்று உறுப்புகள்: ஏறும் முகம், நடு இடைவெளி, இறங்கும் சரிவு. இவற்றில் உயிரைக் காப்பது மூன்றாவது. வண்டி விழும் கோணமும் சரிவின் கோணமும் ஏறக்குறைய ஒத்துப்போனால், சக்கரம் தரையைத் தழுவி ஓடிவிடும். அதே உயரத்திலிருந்து சமதரையில் விழுந்தால் எலும்பு முறியும். இடைவெளியை மண்ணால் நிரப்பி மேடை போலாக்கினால் அது டேபிள்டாப். தாண்ட முடியாதவன் மேடைமேலேயே இறங்கிக்கொள்ளலாம். பள்ளமாக விட்டால் டபுள். அங்கே குறைவாகத் தாண்டுகிறவன் எதிர்மேட்டின் நெற்றியில் மோதுவான்.

புதியவருக்கு டேபிள்டாப், தேர்ந்தவருக்கு டபுள் என்று பிரித்துவிட்டால் போதாதா என்று கேட்டேன். குழுவின் மூத்தவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார். “சின்னதைக் கட்டுவது சுலபம். பெரியதைக் கட்ட ஆசைப்படுகிறவர்கள் ஏராளம். நடுவில் இருப்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை” என்றார்.

பிறகு நடந்துகொண்டே விளக்கினார். நடுத்தர மேடுகள் அமைந்த நடுவரிசையின் வளைவு, பெரிய மேடுகள் அமைந்த வரிசையின் வளைவைப் போலவே இருக்க வேண்டும். நீளம் மட்டும் குறைய வேண்டும். அப்போதுதான் உடம்பு கற்றது அடுத்த வரிசையிலும் உதவும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு உயரம், நீளம், செங்குத்து மூன்றையும் சேர்த்துக் கூட்டக் கூடாது; ஒவ்வொன்றாகத்தான் கூட்ட வேண்டும். வரிசையின் முதல் மேடே அந்த வரிசையின் கடினத்தைக் காட்டிவிட வேண்டும். அதைத் தாண்டத் தயங்குகிறவன் அங்கேயே ஒதுங்கிப் போக வழியும் வேண்டும். எளிதாக வரவேற்று, நான்காவது மேட்டில் கழுத்தைப் பிடிக்கிற வரிசை மோசமான வரிசை. வேகத்தைக் கொடுப்பது வண்டி புறப்படும் தொடக்க மேட்டின் உயரம் என்பதால், கற்றுக்கொள்பவருக்குத் தாழ்ந்த தொடக்கம் வேண்டும். இந்த வண்டிகளில் பெரும்பாலும் ஒரே கியர், பின் பிரேக் மட்டும். மிதிக்காமலும் பிரேக் பிடிக்காமலும் கடைசிவரை ஓடுகிற வரிசையே சரியாக அளந்த வரிசை.

அவர் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். வேறு ஊர்களில் பார்த்திருக்கிறேன்: குழந்தைகளுக்கான பம்ப் ட்ராக் என்னும் சிறுமேட்டுப் பாதை ஒன்று, போட்டிக்காரர்களுக்கான ராட்சத மேடுகள் சில, நடுவே வெற்றிடம். சின்னதில் சலித்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை வேறு வழியில்லாமல் பெரியதில் ஏறுகிறது. தோள்பட்டை எலும்பு முறிவதும், அத்தோடு அந்தப் பிள்ளை வண்டியைத் தொடாமல் போவதும் அந்த வெற்றிடத்தால்தான். குறை வடிவமைப்பினுடையது, பிள்ளையினுடையது அல்ல.

இந்தத் தொழில் பொறியியல் கல்லூரியில் பிறந்ததல்ல. கலிபோர்னியாவின் ஆப்டோஸ் ஊரில் அஞ்சலகத்தின் பின்னால் ரைடர்கள் தாங்களே மண்ணைச் சுமந்து கட்டிய மேடுகள் உலகப் புகழ் பெற்றவை. நிலம் தனியாருடையது, கட்டடத் திட்டம் வந்ததும் 2015-ல் அவை மூடப்பட்டன. மண் வெட்டாதவனுக்குச் சவாரி இல்லை என்பது அந்தக் காலத்து எழுதாச் சட்டம். வால்மாண்டில் யாரும் வந்து ஓட்டலாம், ஆனால் வெட்டும் வேலை குறைந்துவிடவில்லை. மேடுகளுக்கு இடைப்பட்ட குழிகளில் நீர் தேங்காமல் வடிகால் காக்க வேண்டும். மழை பெய்தால் பாதையை மூட வேண்டும். ஈரத்தில் ஒரு சக்கரத்தடம் பதிந்தாலும் காய்ந்ததும் அது கல்லாகிவிடும். குளிர்காலத்தில் உறைந்து உருகும் மண் மேல்தோலை உப்ப வைக்கும். வசந்தத்தில் மறுபடி எல்லாவற்றையும் செதுக்க வேண்டும்.

பைக் பார்க் கட்டத் திட்டமிடும் எந்த நகரமும் முதலில் நடுவரிசைக்கு இடம் ஒதுக்கட்டும். திறப்பு விழாவுக்கு முன்பே, மண்வெட்டி பிடிக்கும் ஆட்களின் ஆண்டுக் கூலியையும் வரவு செலவில் எழுதிவிடட்டும்.