வவுச்சர் வீட்டுக் கதவு

அமெரிக்காவில் செக்‌ஷன் 8 வாடகை உதவி வவுச்சர் வாங்கும் குடும்பத்தில் 18 வயது நிரம்பிய எல்லாரும் 9886 என்ற படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சம்பளம், வேலையில்லாக் காலத்து உதவித்தொகை, வருமான வரி விவரம் என்று துருவிப் பார்க்க அனுமதி அது. முன்பெல்லாம் 15 மாதத்தில் காலாவதியாகும். புதிய 9886-ஏ அப்படிக் காலாவதியாவதில்லை. கையெழுத்தைத் திரும்பப் பெறக் குடும்பத்துக்கு உரிமை உண்டு. பெற்றால் உதவியை நிறுத்துவோம் என்று விதி வைத்துக்கொள்ள உள்ளூர் வீட்டுவசதி ஆணையத்துக்கும் உரிமை உண்டு!

*

வீட்டுக்காரருக்கு ஆணையம் சொல்லியாக வேண்டியவை: குடிவருபவரின் இப்போதைய, முந்தைய முகவரி, தெரிந்தால், அந்த வீடுகளின் சொந்தக்காரர் பெயரும் முகவரியும். வருமானம் இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் குடியிருப்பவர் பங்கு பொதுவாகக் கழிவு போன வருமானத்தில் 30 சதவீதம் என்பது ஊரறிந்த கணக்கு. மாதப் பங்கு 270 டாலர் என்றால் வருமானம் 900. விரல்விட்டுச் சொல்லிவிடலாம்.

*

கலிபோர்னியாவில் லங்காஸ்டர், பாம்டேல் நகரங்கள். வவுச்சர் விதிமீறலைத் தேட, நகராட்சிகளே காசு கொடுத்துக் கூடுதல் ஆய்வாளர்களை அமர்த்தின. ஆய்வாளருடன் ஷெரிப் துறைக் காவலர்களும் போனார்கள். முன்னறிவிப்பு கிடையாது. இடுப்பில் துப்பாக்கியோடு வாசலில் ஆட்கள் நிற்கும்போது, "உள்ளே வரலாமா?" என்பதை எந்தத் தாய் கேள்வியாக எடுத்துக்கொள்வாள்? அலமாரி, படுக்கையறை, இங்கே தங்கும் ஆண் யார் என்ற விசாரணை. பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்கள்.

செக்‌ஷன் 8-ஐ வெறுப்பவர்கள் நடத்திய ஒரு ஃபேஸ்புக் பக்கத்துக்குக் காவலர் ஒருவரே வவுச்சர் வீட்டின் படத்தைக் கொடுத்ததும் வெளிவந்தது. மத்திய நீதி அமைச்சகம் 2013-ல் கண்டித்து அறிக்கை தந்தது. 2015-ல் இழப்பீட்டோடு சமரசம். சோதனையை விட எனக்கு உறுத்துவது அந்தப் படம்தான். உதவி வாங்கும் வீடு எது என்று தெருவுக்குத் தெரிந்த பிறகு எந்த இழப்பீடு அதை மறைக்கும்?

*

1971, வைமன் எதிர் ஜேம்ஸ். இது வாடகை உதவி வழக்கு அல்ல, குழந்தைகளுக்கான நலத்தொகை. விவரம் எல்லாம் தருகிறேன், வீட்டுக்குள் மட்டும் வராதீர்கள் என்றார் பிராங்க்ஸில் வசித்த தாய். நலத்தொகை ஊழியர் வீட்டுக்கு வருவது சோதனையே ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி டக்ளஸ், பயிரிடாமல் இருக்க மானியம் வாங்கும் பெரிய பருத்தி விவசாயியிடம் இப்படி நடப்போமா என்ற பொருளில் கேட்டார். வீட்டுக்கடன் வட்டிக்கு வரிச்சலுகை பெறுபவரையும் சேர்த்துக்கொள்ளலாம். அவர் வீட்டில் யார் தூங்கினார்கள் என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை.

*

அதற்கு முன்னரே, 1963-ல், கலிபோர்னியாவின் அலமேடா மாவட்டம். நலத்தொகை வாங்கும் பெண்கள் வீட்டில் ஆண் இருக்கிறானா என்று விடிவதற்குள் போய்த் தட்டும் வேலை. பென்னி பாரிஷ் என்ற பார்வையற்ற ஊழியர் போக மறுத்தார். வேலை போனது. 1967-ல் மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

*

மறுபடி வாடகை உதவிக்கு வருவோம். குடும்ப வன்முறைக்கு ஆளானவர் பாதுகாப்புக் கோரும் படிவம் 5382. அடித்தவர் பெயரைக் கேட்கிறது. தெரிந்திருந்தால், சொல்வதில் ஆபத்து இல்லையென்றால் மட்டும். அளவோடு கேட்கவும் தெரிந்திருக்கிறது, 9886-ஐ அச்சடித்த அதே மத்திய வீட்டுவசதித் துறைக்கு.