தீர்ப்பு வந்த பிறகும் ‘கூறப்படும்’ ஏன்?

விசாரணை முடியும்வரை ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்று எழுதுவதுதான் முறை. அதில் மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் ஆயுள் தண்டனை விதித்த பிறகும் ‘கொலை செய்ததாகக் கூறப்படும் நபர்’ என்று செய்தி வருகிறதே, யார் கூறுகிறார்கள்? நீதிமன்றமே சொல்லிவிட்டது!

அவதூறு வழக்கு பயம் புரிகிறது. 2 ஆண்டு வரை சிறை. அந்தச் சட்டப்பிரிவு செல்லும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் நீதிமன்ற நடவடிக்கையை உள்ளபடி வெளியிடுவது அவதூறு ஆகாது என்ற விலக்கும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. நீதிமன்ற ஆவணங்களில் உள்ளதைப் பத்திரிகைகள் வெளியிடலாம் என்று, நக்கீரன் தொடர்ந்த ஆட்டோ சங்கர் வழக்கில் 1994-லேயே தீர்ப்பு வந்தாயிற்று.

எனக்கு வலிப்பது இன்னொன்று. செயின் பறிப்பில் பிடிபட்ட கூலித் தொழிலாளி, கைதான அன்றே படத்தோடு ‘கொள்ளையன்’ ஆகிவிடுகிறான். கையில் மாவுக்கட்டு. ‘கழிவறையில் வழுக்கி விழுந்ததில் எலும்பு முறிந்தது’ என்று போலீஸ் சொன்னதை அப்படியே அச்சடிக்கிறார்கள். பல கோடி மோசடியில் கைதானவரோ ‘தொழிலதிபர்’, நிறுவனத்துக்குப் பெயர்கூட இல்லை. அந்த ‘கூறப்படுகிறது’ உண்மையில் தேவைப்படுவது மாவுக்கட்டுச் செய்தியில்தான்.